எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

உளுந்து மூட்டை (ரங்கூன்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பருப்புக் கிடங்கில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவன். முப்பது வருடமாக உளுந்தும் துவரையும் நிறுத்து அனுப்புகிறேன். தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் இன்று காலை இட்லி சாப்பிட்டிருந்தால், அதில் என் கை பட்ட உளுந்து ஒரு பிடியாவது இருந்திருக்கலாம். சுருக்கமாக எழுதத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 57. சர்க்கரை வந்து 12 வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின் இரண்டு வேளை, காலையில் கிளிமிபிரைடு ஒன்று. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) ஒரு காலத்தில் 9.6 இருந்தது. வெள்ளைச் சோற்றைப் பாதியாக்கி, தேநீர்க் கடையில் டப்பாப் பால் ஊற்றாத டீயாகக் கேட்டுக் குடித்து, 7.4 வரை இறக்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பிரஷரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. தலைவலி இல்லை, கோபம் வராது, பின்கழுத்தில் இழுப்பு இல்லை. பிறகு எதற்குப் பார்க்க வேண்டும் என்றிருந்தேன்.

இந்த வருடம் பீலிக்கான் திருவிழாவுக்குப் போய் வந்த மறுவாரம் இடது கண்ணில் கொசு பறப்பது போல ஒரு கரும்புள்ளி. கண் டாக்டர் மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, விழித்திரையில் இரத்தக் கசிவு ஆங்காங்கே இருக்கிறது என்றார். அடுத்து அவர் சர்க்கரையைக் கேட்பார் என்று தாளை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. "உங்கள் பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அங்கேயே பார்த்தார்கள். 168/96.

அதன்பின் வேறொரு டாக்டரிடம் போய் அம்லோடிபின் 5, எனலாப்ரில் 5 எழுதி வாங்கி, இரண்டையும் இரவில் போட்டுக்கொண்டேன். மூன்றாவது வாரம் இது நடந்தது. எங்கள் தெருவுக்கு அன்று மின்சாரம் இரவு ஒன்றரை மணிக்குத்தான் வந்தது. ரங்கூனில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, விளக்கு எரிந்ததும் தண்ணீர் மோட்டாரைப் போட ஓட வேண்டும். படுக்கையில் இருந்து துள்ளி எழுந்து நான்கு எட்டு வைத்தேன். கண் இருட்டியது. அடுத்து எனக்குத் தெரிந்தது, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கிறேன், மனைவி என் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறாள். முழங்கை சிராய்த்துவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை, கோவிலில் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது ஒரு தடவை, குனிந்து மூட்டைக்குத் தையல் போட்டு நிமிர்ந்தபோது ஒரு தடவை, கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மாடி வீட்டு பர்மியப் பெரியவர் கேட்டவுடனே சொல்லிவிட்டார்: "உனக்கு இப்போது துவே தோ இல்லை, துவே ச்சா. மாத்திரையை நிறுத்து." ஏறின இரத்தம் இறங்கிவிட்டதாம். நல்ல மனிதர், ஆனால் டாக்டர் இல்லை.

அக்காள் மகன் சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்த மணிக்கட்டுக் கருவி ஒன்று வீட்டில் இருக்கிறது. நேற்றுக் காலை பதினைந்து நிமிடத்துக்குள் அது எனக்கு 171, 149, 128 என்று மூன்று கணக்குச் சொன்னது. என் தராசு இப்படி ஆடினால் முதலாளி என்னைக் கிடங்கை விட்டே துரத்திவிடுவார். எதை நம்புவது?

இன்னும் இரண்டு சின்ன விஷயம். இரவில் படுத்ததும் தொண்டையில் அரிப்பெடுத்து வறட்டு இருமல் வருகிறது, சளி இல்லை. சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், குழம்பில் குறைத்துவிட்டோம். ஙாப்பி என்கிற மீன் விழுது மட்டும் தட்டின் ஓரத்தில் வழக்கம்போல இருக்கிறது. மனைவி "அது மீன்தானே, உப்பா?" என்கிறாள். ரங்கூனுக்குப் பக்கத்துச் சிரியத்தில் இருக்கும் மைத்துனர் "இதைப் போட்டுக்கொள், இது பிரஷர்க்காரர்களுக்கான உப்பு" என்று ஒரு டப்பா கொடுத்திருக்கிறார். இன்னும் திறக்கவில்லை.

டாக்டரிடம் போக இன்னும் 20 நாள் இருக்கிறது. அதுவரை மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா?


மோல்மேன் மருமகள் எழுதியது:

அண்ணா, மாத்திரையைப் பற்றிச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. அளப்பதைப் பற்றிச் சொல்ல உரிமை இருக்கிறது. மாமியாருக்கு வயது 71, சர்க்கரை 20 வருடம், தினமும் அளந்து எழுதுகிறவள் நான்தான்.

முதலில் அந்த மணிக்கட்டுக் கருவியை எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். கையை நெஞ்சு உயரத்தில் சரியாக வைக்காவிட்டால் அது மனம் போனபடி எண் காட்டும். புயத்தில் கட்டுகிற கருவி வேண்டும். அதிலும் பட்டையின் அளவைப் பாருங்கள். என் மாமியாருக்குக் கை பருமன். பக்கத்து மருந்துக் கடையில் எல்லோருக்கும் ஒரே பட்டையைத்தான் கட்டுவார்கள், மாமியாருக்கு அது ஒட்டவே ஒட்டாது, இழுத்துப் பிடித்துக் கட்டுவார்கள். 176 வரும், மாமியார் அழுவார்கள், வீடே இருண்டுவிடும். பெரிய பட்டை வாங்கிக் கட்டினோம். 152. அதுவும் அதிகம்தான், ஆனால் அழுகிற அதிகம் இல்லை. சின்னப் பட்டை பருத்த கையில் எண்ணைக் கூட்டிக் காட்டும் என்பதை நர்ஸ் ஒருத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அளக்கிற நேரத்தில் பேசவே கூடாது. இது எங்கள் வீட்டில் பெரிய போராட்டம். பட்டை இறுகும் அந்த அரை நிமிடத்தில்தான் மாமியாருக்கு எதிர்வீட்டு மருமகளைப் பற்றி ஞாபகம் வரும். பேசினால் பத்து, பன்னிரண்டு ஏறிவிடும். இப்போது நான் அளக்கும்போது வாயில் விரலை வைத்துக்காட்டுகிறேன், அவர்களும் கண்ணாலேயே மிச்சக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள்.

காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, மாத்திரை போடும் முன்பு, டீ குடிக்கும் முன்பு உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் மேல் கால் போடக்கூடாது, இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும், கை மேசை மேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காமல் கழற்றிவிட்டே கட்டுங்கள். ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். சாயங்காலமும் அப்படியே. ஏழு நாள் எழுதி, முதல் நாளை அடித்துவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85-க்கு மேலே போனால் அது அதிகம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். டாக்டர் அறையில் 140/90 என்பதற்கு வீட்டில் அதுதான் ஈடாம்.

நோட்டைப் பார்த்தால் எங்கள் டாக்டரின் முகம் மாறும். மாமியாரைப் பார்ப்பதை விட அதை அதிக நேரம் பார்க்கிறார்.


தட்டோன் ரப்பர் தோட்டம் எழுதியது:

நான் மாத்திரையை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. எனக்கும் சர்க்கரை உண்டு. ஒன்றும் ஆகவில்லை. தினமும் முருங்கைக்கீரை ரசம் வைத்துக் குடிக்கிறேன், இங்கே பர்மியர்களும் பிரஷருக்கு அதையேதான் சொல்கிறார்கள். விடியும் முன் பால் வெட்டப் போய் இருநூறு முந்நூறு மரம் சுற்றி வருகிறேன், வியர்வையில் உப்பு எல்லாம் போய்விடும். பின்கழுத்து இழுத்தால் மட்டும் அன்றைக்கு ஒரு மாத்திரை போடுவேன். உடம்பே சொல்லும் நண்பரே. பயப்படாதீர்கள்.


பழைய கம்பவுண்டர் (பெகு) எழுதியது:

தட்டோன் தம்பிக்கு முதலில். உடம்பே சொல்லும் என்றால் உளுந்து மூட்டைக்கு ஏன் சொல்லவில்லை? 168/96 வைத்துக்கொண்டு தலைவலிகூட இல்லாமல் திருவிழாவுக்குப் போய் வந்திருக்கிறார். சொன்னது கண், அதுவும் இரத்தம் கசிந்த பிறகு. பின்கழுத்து இழுத்தால் பிரஷர் என்பது நம் ஊரிலும் பர்மியர் வீட்டிலும் ஒன்று போல ஊறிப்போன பேச்சு. நான் மருந்து கட்டிக் கொடுக்கும் வேலையில் 38 வருடம் இருந்தவன். 200-க்கு மேல் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசினவர்களைப் பார்த்திருக்கிறேன், 120 வைத்துக்கொண்டு கழுத்தைப் பிடித்தபடி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். என் சொந்த அண்ணனும் தட்டோன் தம்பி மாதிரிதான், இழுத்தால் ஒரு மாத்திரை. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவருக்குச் சோற்றுப் பிடி வாய்க்குப் போகவில்லை, காதுக்குப் போனது. நாங்கள் முதலில் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு இன்னும் என்னை உறங்கவிடுவதில்லை. அதன்பின் ஆறு வருடம் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்தே கிடந்தார்.

முருங்கைக்கீரை நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரையின் இடத்தில் அதை உட்காரவைக்காதீர்கள்.

இனி உளுந்து மூட்டை ஐயாவுக்கு. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். ஆனால் 20 நாள் காத்திருக்கவும் வேண்டாம். விழுந்திருக்கிறீர்கள், அது ஒன்றே முன்னால் போகப் போதுமான காரணம். இந்த வாரமே போங்கள். போவதற்குள் ஒரு காரியம் செய்துகொண்டு போங்கள்.

மோல்மேன் மகள் உட்கார்ந்து அளக்கச் சொன்னது சரி. உங்களுக்கு அது மட்டும் போதாது. ஐந்து நிமிடம் படுத்திருந்து அளங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று அளங்கள். பக்கத்தில் மனைவியோ மகனோ நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதுதான் உங்கள் கண் இருட்டு. நாம் எழுந்து நிற்கும்போது இரத்தம் காலுக்கு இறங்கும், உடனே நரம்பு போய்க் குழாய்களைச் சுருக்கி மேலே தள்ள வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை அந்த நரம்பையும் மந்தமாக்கிவிடும். அதனால் படுத்தால் அதிகம், நின்றால் குறைவு என்று ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கும். மாடி வீட்டுப் பெரியவர் சொன்ன துவே தோவும் உண்மை, துவே ச்சாவும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றை இல்லை என்று சொன்னதுதான் தப்பு.

மாத்திரை, நரம்பு இரண்டையும் தாண்டி இன்னொரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? நீங்கள் நான்கு பெயர் சொன்னீர்கள். சர்க்கரைக்காரர் 57 வயதில் நான்கு மாத்திரையோடு நிற்பது என் அனுபவத்தில் அபூர்வம். மூட்டை தூக்குகிற இடுப்புக்கு என்ன விழுங்குகிறீர்கள்? டைக்ளோஃபெனாக் என்றால் அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும், எனலாப்ரிலோடு சேரும்போது இன்னும் கெடுக்கும். தூக்கத்துக்கு ஏதாவது? சிறுநீர் சரியாக இறங்க ஏதாவது? எல்லா மாத்திரைப் பட்டையையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசை மேல் கொட்டுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

வறட்டு இருமல் பெரும்பாலும் எனலாப்ரில் வேலை. ப்ரில் என்று முடியும் எல்லா மாத்திரைக்கும் அந்தக் குணம் உண்டு, நம் ஆசியக்காரர்களிடம் கொஞ்சம் அதிகம். ஆபத்து இல்லை, தொல்லை. லோசார்ட்டான் வகைக்கு மாற்றிக் கொடுப்பார்கள், அதிலும் சிறுநீரகத்துக்கு அதே காவல் உண்டு. ஆனால் உதடோ நாக்கோ வீங்கினால் அது வேறு கதை, அன்றே ஓடுங்கள்.

மைத்துனரின் டப்பாவைத் திறக்காதது நல்லதாயிற்று. அந்த உப்பில் சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் இருக்கும். சாதாரண ஆளுக்கு அது நல்லதுதான். எனலாப்ரிலோ லோசார்ட்டானோ சாப்பிடுகிறவருக்கு, அதிலும் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். இந்த மாத்திரைகளைத் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்திருக்க வேண்டும். பார்த்தார்களா? சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் எவ்வளவு போகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம் 30-க்குக் கீழே என்றால் நிம்மதி.

கண் டாக்டர் ஏன் சர்க்கரைத் தாளை வாங்கவில்லை என்று உங்களுக்கு வருத்தம் போலத் தெரிகிறது. ஒன்று சொல்கிறேன். 1998-ல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்த 1,148 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பிரஷரை இறுக்கிப் பிடித்தார்கள், மறு பகுதியைக் கொஞ்சம் தளர விட்டார்கள். எட்டு வருடத்துக்கு மேல் பார்த்ததில் சராசரி ஒரு பக்கம் 144/82, மறு பக்கம் 154/87. வித்தியாசம் பத்துதான். அந்தப் பத்துக்குப் பக்கவாதம் 44 விழுக்காடு குறைந்தது, சர்க்கரையோடு தொடர்புள்ள சாவு 32 விழுக்காடு குறைந்தது. விழித்திரை நோய் முற்றுவது 34 விழுக்காடு குறைந்தது, பார்வை மங்குவது 47. அன்றைக்கு எங்கள் டாக்டர் அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, "நாம் இத்தனை நாளும் சர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. இப்போது பலரும் 130/80-க்குக் கீழே கொண்டுவரப் பார்க்கிறார்கள். விழுகிற ஆளுக்கு மெதுவாகத்தான் இறக்குவார்கள், அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

இரண்டும் சேர்ந்தே வருவதற்கும் காரணம் உண்டு. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் சிறுநீரகம் உப்பை விடாமல் பிடித்து வைக்கும். சர்க்கரை குழாய்ச் சுவரை விறைப்பாக்கும். அதனால் ஏறிய பிரஷர் சிறுநீரகச் சல்லடையைக் கிழிக்கும், கிழிந்த சிறுநீரகம் பிரஷரை இன்னும் ஏற்றும். பர்மிய மொழியில் சர்க்கரை நோய்க்கு சீ ஜோ, இனித்த சிறுநீர் என்றுதானே பெயர். நம் வைத்தியர்கள் மதுமேகம் என்றதும் அதையேதான். இரண்டு ஊர்க்காரர்களும் நோயைச் சிறுநீரில்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள், நாம்தான் இப்போது சிறுநீரைப் பார்ப்பதே இல்லை.

கடைசியாக, உங்கள் மனைவிக்கு: ஙாப்பி மீன் இல்லை அம்மா. ஙாப்பி உப்பு, அதில் மீன் இருக்கிறது.


மோல்மேன் மருமகள் எழுதியது:

ஐயா சொன்ன கடைசி வரியை வாசித்துக் காட்டினேன், மாமியார் என்னோடு இரண்டு மணி நேரம் பேசவில்லை.

ஙாப்பியோடு நிற்காது அண்ணா. காலையில் சாப்பிடும் மொஹிங்கா நூடுல்ஸில் ஊற்றும் மீன் சாறு, கறியில் போடும் அஜினோமோட்டோ, ஊறுகாய், கருவாடு. குழம்பில் ஒரு சிட்டிகை குறைத்துவிட்டு நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குள், ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் வீட்டில் காலை ஒன்பது மணிக்கே அந்தத் தேக்கரண்டி காலி.


உளுந்து மூட்டை (ரங்கூன்) எழுதியது, 24 நாள் கழித்து:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

புயத்தில் கட்டும் கருவி வாங்கினேன். கம்பவுண்டர் ஐயா சொன்னபடி படுத்து அளந்தேன், 152/88. மகன் தோளைப் பிடித்துக்கொள்ள எழுந்து நின்றேன். ஒரு நிமிடத்தில் 124/76. மூன்று நிமிடத்தில் 128/78. மூன்று நாள் மூன்று விதமாகச் செய்து பார்த்தேன், தராசு ஆடவில்லை. இருபத்துநான்கில் இருந்து முப்பது வரை ஒவ்வொரு தடவையும் இறங்கியது. இந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது, ஏனென்று தெரியவில்லை. எண் வந்துவிட்டால் எனக்கு எப்போதும் நிம்மதி.

பிறகு பையைக் கட்டினேன். கம்பவுண்டர் ஐயா, நீங்கள் சோதிடம் பார்க்கிறீர்களா? இடுப்புக்கு டைக்ளோஃபெனாக் இருந்தது, வாரத்தில் மூன்று நான்கு. அதோடு இன்னொரு பட்டை, சட்டைப்பையில் தனியாக வைத்திருப்பேன். இரவில் நான்கு தடவை எழுகிறேன் என்று இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு டாக்டரிடம் போனபோது டாம்சுலோசின் கொடுத்தார். அதை மாத்திரை என்று நான் நினைத்ததே இல்லை, சிறுநீர் சமாச்சாரம் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. புது டாக்டர் கேட்டபோது பக்கத்தில் மருமகள் உட்கார்ந்திருந்தாள், அதனால் "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். அதுவும் இரத்தக் குழாயைத் தளர்த்துகிற ஜாதியாம். அதையும் அம்லோடிபினையும் எனலாப்ரிலையும் ஒன்றாக இரவு ஒன்பதுக்குப் போட்டுக்கொண்டு ஒன்றரைக்குத் துள்ளி எழுந்திருக்கிறேன். விழாமல் என்ன செய்வேன்.

இந்தத் தடவை தனியாகப் போனேன். பையைக் கொட்டினேன். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, டாம்சுலோசின் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். திட்டவில்லை. டைக்ளோஃபெனாக்கை நிறுத்திவிட்டார், வலித்தால் பாராசிட்டமால் என்றார். ஸ்கேனில் அப்படி ஒன்றும் அடைப்பு இல்லை, ஒரு மாதம் டாம்சுலோசின் இல்லாமல் பார்க்கலாம் என்றார். எனலாப்ரிலுக்குப் பதில் லோசார்ட்டான், அம்லோடிபினைக் காலைக்கு மாற்றினார். இருமல் இரண்டாவது வாரத்தில் நின்றது. கிரியாட்டினின் 1.1, பொட்டாசியம் 4.9. அந்த 4.9-ஐப் பார்த்துவிட்டு மைத்துனர் டப்பாவைப் பற்றிச் சொன்னேன், "வேண்டவே வேண்டாம்" என்றார். சிறுநீர் ஆல்புமின் விகிதம் 86. முப்பதுக்குக் கீழே இல்லை. இது தொடக்கம், பிடித்து நிறுத்தலாம் என்றார். கண்ணும் சிறுநீரகமும் ஒரே நேரத்தில் கசிந்திருக்கிறது, நான் 7.4 என்று பெருமைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நேற்று படுத்து 138/82, நின்று 126/78. கண் இருட்டவில்லை. படுக்கையில் இருந்து எழும்போது ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டுத்தான் நிற்கிறேன். மோட்டாருக்கு மகன் எழுகிறான், முணுமுணுத்துக்கொண்டு.

ஙாப்பிக் கதைக்கு வருகிறேன். மனைவியிடம் வாதாடிப் பயன் இல்லை, நிறுத்துக் காட்ட வேண்டும். நாங்கள் வாங்கும் கடைக்கார அம்மாவிடம் கேட்டேன், மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்றார். எங்கள் வீட்டுக்கு மாதம் அரை வீசை ஆகிறது. அரை வீசை என்றால் 816 கிராம். காய்ந்து எடை குறைவதை விட்டுவிட்டு, குறைவாகவே வைத்துக் கால் பங்கு உப்பு என்று எடுத்தால் 204 கிராம். ஐந்து பேர், 30 நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 1.36 கிராம் வருகிறது. அதை உண்மையாகவே நிறுத்து, நகைக்கடைத் தராசில், ஒரு வெற்றிலை மேல் கொட்டி அவள் முன்னால் வைத்தேன். சின்னக் குவியல்தான். "இது 5 கிராமில் கால் பங்குக்கு மேல். இது தட்டின் ஓரத்தில் மட்டும்" என்றேன். அவள் உப்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "மொஹிங்காவுக்கும் இப்படிக் கணக்குப் போடாதே, காலையில் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது" என்றாள்.

இப்போது ஙாப்பி ஞாயிற்றுக்கிழமை மட்டும். வெள்ளரிக்காயையும் வல்லாரைக் கீரையையும் எலுமிச்சை பிழிந்த மிளகாய்ச் சாந்தில் தொட்டுச் சாப்பிடுகிறோம். நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன்.


தட்டோன் ரப்பர் தோட்டம் எழுதியது:

எல்லாம் படித்தேன். கம்பவுண்டர் ஐயாவின் அண்ணன் கதையை இரண்டு தடவை படித்தேன். ஒன்று கேட்கிறேன், வேறு எதுவும் ஒப்புக்கொண்டதாக நினைக்க வேண்டாம். அந்தப் புயக் கருவி வாங்கும்போது பட்டைக்கு என்ன அளவு என்று கேட்க வேண்டும்? என் கை தடித்தது.


உளுந்து மூட்டை (ரங்கூன்) எழுதியது:

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு நூலைச் சுற்றி, அந்த நூலோடு கடைக்குப் போங்கள். என் பட்டையில் 22 முதல் 32 செ.மீ. என்று போட்டிருக்கிறது. நூல் அதைவிட நீளமாக இருந்தால் பெரியது கேளுங்கள். படுத்தும் நின்றும் எடுத்து இங்கேயே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.